டப்பா மூடியில் ஒட்டிய கீரை

சகாயம்மாள்: ...அந்த டப்பாவ ஏன் முந்தானையில மறைக்கிற ரோஸ்லின்? குடு, நான் கழுவுறேன்.

ரோஸ்லின்: வேணாம் அத்தை, நானே...

சகாயம்மாள்: ஏழு மாசக்காரி குனிய வேணாம். குடுன்னா குடு. நெய்ச்சோறு, ரெண்டு முட்டை... எல்லாம் காலியா?

ரோஸ்லின்: காலி.

சகாயம்மாள்: குவைத்துலேருந்து உன் வீட்டுக்காரன் ஆன்டோ அனுப்புன பிஸ்தா?

ரோஸ்லின்: அதும்தான்.

சகாயம்மாள்: நல்ல புள்ள. தையல் கிளாஸ் முடிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனியே, நர்சம்மா எடை பார்த்துச்சா?

ரோஸ்லின்: பார்த்துச்சு. அளவா இருக்காம்.

சகாயம்மாள்: இவ்வளவு தின்னுட்டு அளவாவா!

ரோஸ்லின்: அத்தை... கோவிச்சுக்கக் கூடாது. போன மாசம் நான் ரொம்ப ஏறிட்டேன்னு நர்சம்மா கண்டிச்சிச்சு. தாய் அளவுக்கு மேல பெருத்தா புள்ளையும் பெருசாப் பொறக்குமாம். வளர வளர குண்டாகவும் வாய்ப்பு ஜாஸ்தியாம். சின்ன வயசுலயே சக்கரை வந்தாலும் வரலாமாம்.

சகாயம்மாள்: ஆன்டோ பொறந்தப்ப நாலேகால் கிலோ. ஊரே வந்து பார்த்துச்சு, தெரியுமா?

ரோஸ்லின்: பள்ளிக்கூடத்துல அவங்களப் பூசணின்னு கூப்பிடுவாங்களாமே.

சகாயம்மாள்: உன்கிட்ட சொன்னானா?

ரோஸ்லின்: சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா அப்படிக் கூப்பிட்ட பசங்க பேரு ஒண்ணுவிடாம இன்னும் ஞாபகம் இருக்கு அவங்களுக்கு.

சகாயம்மாள்: எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல அவன்.

ரோஸ்லின்: நம்ம புள்ளைக்கு அது வேணாம் அத்தை.

சகாயம்மாள்: வேணாம்தான். அது சரி... மூடியில என்னடி பச்சையா ஒட்டியிருக்கு?

ரோஸ்லின்: அது... முருங்கைக்கீரை.

சகாயம்மாள்: நான் கீரை வெக்கலியே?

ரோஸ்லின்: அம்சம் கொண்டாந்தது. மத்தியானம் தையல் கிளாஸ்ல ரெண்டு பேரும் சோத்த மாத்திக்கிறோம்.

சகாயம்மாள்: யாரு, வேலிக்கு அந்தப் பக்கத்து அம்சவல்லியா? அவளும் உன்னாட்டம் ஏழு மாசமாச்சே!

ரோஸ்லின்: அதான் அத்தை. எனக்கு 'கொறைச்சுக்க'ன்னுச்சு நர்சம்மா. அவளுக்கு எடையே ஏறல, 'நல்லா சாப்புடு'ன்னுச்சு.

சகாயம்மாள்: உன்கிட்ட கேட்டாளா?

ரோஸ்லின்: கேக்குற ஆளா அவ? 'எங்க அம்மா உங்க வயல்ல நடவு நட்டுட்டு, உங்க கொல்லையில நின்னு கஞ்சி வாங்கிக் குடிச்சிச்சு. நான் கை நீட்டமாட்டேன்'னுட்டா. 'மாத்திக்கலாம்டி, எனக்குக் கீரைதான் வேணும்'ன்னு கெஞ்சினப்புறம்தான் தொட்டா.

சகாயம்மாள்: இன்னிக்கு அவளுக்கு எவ்வளவு ஏறியிருக்கு?

ரோஸ்லின்: ரெண்டு கிலோ! நர்சம்மாவே அசந்துபோச்சு... ஏன் அத்தை சிரிக்கிறீங்க? கோவம் இல்லியா?

சகாயம்மாள்: ஒரு மாசமா மூடியில கீரை ஒட்டிக்கிட்டு வருது. எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஒரு முட்டை எப்ப ரெண்டு முட்டையாச்சுன்னு யோசிச்சியாடி?

ரோஸ்லின்: அத்தை! அப்ப தெரிஞ்சேதான்...

சகாயம்மாள்: நான் குடுத்தா வாங்கமாட்டா. நீ மாத்திக்கிட்டா சாப்புடுவா. மாதா புண்ணியத்துல ஏறிச்சே, அது போதும். ஸ்ஸ்... வாசல்ல யாரோ.

அம்சவல்லி: அம்மா... உள்ள வரலாமா?

சகாயம்மாள்: கொல்லைக்குப் போகாம வாசல் வழியாதானே வந்த, இதுல கேக்க என்ன இருக்கு? வா அம்சம், உக்காரு.

அம்சவல்லி: ரெண்டு கிலோ ஏறிடுச்சும்மா. உங்க கைச்சோறுதான். சொல்லாம இருக்க மனசு கேக்கல.

சகாயம்மாள்: உன் கீரையிலதான் என் பேரப்புள்ள அளவா வளருது. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு.

அம்சவல்லி: சரியாப் போகலம்மா... எங்க முருங்கை போன வருசப் புயல்லயே சாஞ்சிடுச்சு. தினம் விடியக்காலையில... உங்க மரத்துலதான் ஒடிக்கிறேன்.

ரோஸ்லின்: அடிப்பாவி! எங்க கீரையவே எனக்குப் போட்டியா?

சகாயம்மாள்: நீ சும்மா இரு ரோஸ்லின். தெரியும்டி அம்சம். வயித்தோட எம்பி ஒடிக்கக் கூடாதுன்னு, துரட்டிக்கம்ப வேலியோரமா உன் கைக்கு எட்டுற மாதிரி சாத்தி வெச்சது யாருன்னு நெனச்ச?