ராவுத்தர் வண்டியோட கடைசிப் பெட்டி

உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க. அம்புட்டுப் பேரும் மாப்பிள்ளை வீட்டுக்காரவுகதான? சாம்பார் ஆறாது, அதுக்கு நான் பொறுப்பு. மேடையில பொண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரா உக்காந்து தகர ரயிலு மாட்டிக்கிட்டு இருக்குறதப் பாத்து நீங்க சிரிக்கிறது எனக்குத் தெரியுது. சிரிங்க. இந்த ஊருக்குப் பொண்ணெடுக்க வந்தவுக எல்லாருமே மொதல்ல சிரிச்சவுகதான். நான் சமையக்காரன், எனக்குக் கதை சொல்ல எங்க நேரம் இருக்கு? ஆனா பசிச்சுக் கெடக்குற ஆளுக கதைய நல்லாக் கேப்பாக, அதனால சொல்றேன்.

கரி வண்டி ஓடுன காலம். இதே மூலக்கரையில, ஸ்டேசனுக்கு வடக்க, பீர்க்கண்ணு ராவுத்தர்னு ஒருத்தர் தகரப் பட்டறை வச்சிருந்தாராம். வாளிக்கு அடி போடுவாரு, விளக்குக்குக் கூண்டு செய்வாரு, அதெல்லாம் வயித்துக்கு. மனசுக்குச் செஞ்சது ரயிலு. பழைய எண்ணெய் டின்ன வெட்டி, தட்டி, சாயம் பூசி, கையளவுல எஞ்சினும் பெட்டியும் செய்வாராம். பழைய டைம்பீசுல இருக்குற சுருளை உருவி எஞ்சினுக்குள்ள வச்சு சாவி குடுத்தாருன்னா, தகரத் தண்டவாளத்து மேல கிடுகிடுனு ஓடுமாம். ஓடி முடிச்சு நிக்கிறப்ப ஒரு மூச்சு விடுமாம். நான் பாக்கல, சொல்லுவாக.

திருவிழாச் சந்தைக்கெல்லாம் அதைக் கொண்டு போவாரு. அப்ப ஏது ரோடு? மாட்டு வண்டி ஆடுற ஆட்டத்துல போய்ச் சேர்றதுக்குள்ள எஞ்சின் நசுங்கிப் போகும், பெட்டி பிதுங்கிப் போகும். ராவுத்தர் பாத்தாரு. நசுங்குறதுக்கு ஏதாவது இருந்தாத்தான நசுங்கும்? அடுத்த சந்தைக்கு எல்லாத்தையும் தகடாவே வெட்டி, தகட்டு ஓரத்துல சின்னச் சின்ன நாக்கு விட்டு, நாக்கு நொழையுறதுக்குப் பொளப்பும் விட்டு, அட்டை டப்பாவுக்குள்ள அடுக்கிக் கொண்டு போனாராம். வாங்குறவன் வீட்டுல போயி நாக்கைப் பொளப்புல விட்டு மடக்குனா ரயிலு ஆயிரும். பெரிய ரோசனைதான்.

ஆனா நம்ம ஊராளுக யாரு? டப்பாவைத் தெறந்து பாத்தாக. உள்ள தகடு தகடாக் கெடக்கு. "ராவுத்தரு ஒடைஞ்ச வண்டிய நம்ம தலையில கட்டிட்டாரு"னு மறுநாள் பட்டறை வாசல்ல ஒரு கூட்டம். ஒருத்தன் சக்கரத்தைத் தூக்கிக் காமிக்கிறான், ஒருத்தன் கூரையைத் தூக்கிக் காமிக்கிறான். ஒருத்தன் போற வழியில வண்டிக்காரன்தான் ஒடைச்சுட்டான்னு அவன் கூட சண்டைக்கே போயிட்டானாம்.

ராவுத்தர் கோவிச்சுக்கல. வந்தவுகள ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சாரு. நீ புடி, நீ மடக்குனு சொன்னாரு. ஒத்தையாளு மடக்குனா எதிர்ப்பக்கம் பிதுங்கிரும், தகரம் அப்படி. ஒருத்தர் புடிக்கணும், ஒருத்தர் மடக்கணும். சித்த நேரத்துல வாசலெல்லாம் ரயிலு. சண்டைக்கு வந்தவுக அம்புட்டுப் பேரும் முழங்கால் போட்டுத் தரையில சாவி குடுத்துக்கிட்டு இருந்தாகளாம். அன்னையிலருந்து அதுக்குப் பேரு ராவுத்தர் வண்டி. கொலுப் படிக்குக் கீழ ராவுத்தர் வண்டி, பெருநாளுக்கு ராவுத்தர் வண்டி, கிறிஸ்மஸ் குடிலச் சுத்தியும் ராவுத்தர் வண்டி. அவரு தெருவுல நடந்தா வீட்டுக்கு வீடு கூப்பிட்டு மோர் குடுப்பாகளாம். குடிச்சுக் குடிச்சே மனுசன் வீட்டுல சாப்பிடாமப் போயிருவாராம், அதுக்கு அவரு வீட்டம்மா பாத்துமுத்து வையுமாம்.

ஏய், வடை எண்ணெயப் பாத்துக்கப்பா. ஆங், எங்க விட்டேன்?

அப்ப ரயில்வே கேட்டுல பலவேசம்னு ஒருத்தர் வேலை பாத்தாரு. ராவுத்தருக்கு உசுருக்கு உசுரான கூட்டாளி. அவருக்கு ஒரே மக, ஆவுடத்தாயி. அந்தப் புள்ளையைக் காராச்சேவுக் கடை சங்கையாவுக்குக் கட்டிக் குடுத்தாக. ராவுத்தர் கல்யாணத்துக்கு என்னத்தக் குடுப்பாரு? வண்டி டப்பாதான் குடுத்தாரு. எஞ்சினு, சரக்குப் பெட்டி, ஆளு போற பெட்டி, கடைசியில கார்டு பெட்டினு முழு செட்டு.

புதுப் பொண்ணும் மாப்பிள்ளையும் உக்காந்து மாட்டுனாகளாம். சங்கையா கார்டு பெட்டியக் கொண்டு போயி எஞ்சினுக்குப் பின்னால மாட்டிட்டாரு. கேட்டுக்காரர் மக சும்மா இருக்குமா? வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சிருக்கு. கார்டு கடைசியிலதான் வருவாருனு கழட்டி மாட்ட வச்சிருக்கு. அப்படி நல்லாத்தான் இருந்தாக.

ஒரு நாளு, கடையில கூட்டம். ஆவுடத்தாயி நிறுத்துப் போடுறப்ப கை தவறிச் சேவு தரையில கொட்டிப் போச்சு. சங்கையாவுக்கு வாயி முந்திருச்சு. அத்தனை ஆளுக்கு முன்னால, "கொடி ஆட்டுறவன் வீட்டுல வேற என்னத்தப் பழக்கி விட்டிருப்பாக"ன்னுட்டாரு.

அந்தப் புள்ள தராசைக் கீழ வச்சுச்சு. கையத் தட்டுச்சு. நடந்தே கேட்டு வீட்டுக்குப் போயிருச்சு.

தன்னைச் சொல்லியிருந்தாப் பொறுத்திருக்கும். அப்பனச் சொன்னாரு பாருங்க, அதுதான் பொறுக்கல. மழையோ வெயிலோ கொடியப் புடிச்சுக்கிட்டு நின்ன மனுசன் பலவேசம். அவருக்கு மக எதுக்கு வந்திருக்குனு தெரியும், ஆனா கேக்கல. அதுவும் சொல்லல.

சங்கையாவுக்கு அன்னைக்குச் சாயங்காலமே தப்புனு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சு என்ன? போயிக் கூப்பிட்டாத் தாழ்ந்து போயிருவோம்னு ஒரு வீம்பு. சேவு டின்ன ஏத்திக்கிட்டு வாரத்துக்கு ஒருக்கா கேட்டைத் தாண்டித்தான் வெளியூருக்குப் போகணும். கேட்டு மூடியிருக்கும். அந்தப் பக்கம் வண்டியில இவரு, இந்தப் பக்கம் வாசல்ல அந்தப் புள்ள. நடுவுல ரயிலு போகும். ரெண்டு பேரும் ரயிலைப் பாப்பாக. கேட்டு தெறந்ததும் இவரு மாட்டைத் தட்டிக்கிட்டுப் போயிருவாரு. "வா"னு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அந்தப் புள்ள நின்னுச்சு. அது வரவே இல்ல.

கடைசியில ரெண்டு வீட்டுப் பெரியவுகளும் சலிச்சுப் போயி, ரெண்டு பேரையும் அத்து விட்டுருவோம்னு முடிவு பண்ணிட்டாக. சந்தைக் கொட்டகையில, பட்டப்பகல்ல, ஊரு கூடிருச்சு. ஊர்ப் பெரியவரு ராக்கப்பன் நடுவுல உக்காந்தாரு. கண்டிப்பான ஆளு அவரு. வழக்கம் என்னன்னா, அத்து விடும்போது சீரெல்லாம் திரும்பணும், குடுத்தது குடுத்தபடி திரும்பணும். பித்தளைப் பானை வந்துச்சு. கட்டிலு வந்துச்சு. டிரங்குப் பெட்டி வந்துச்சு. எல்லாத்துக்கும் கடைசியில சங்கையாவோட அண்ணன் அந்த ரயிலைத் தூக்கிட்டு வந்து ஜமக்காளத்துல வச்சான்.

அப்பத்தான் ராவுத்தர் எந்திரிச்சாரு.

"ராக்கப்பண்ணே, இத நான் குடுக்கல"ன்னாரு.

பெரியவருக்குப் புரியல. ஊரே பாத்துச்சே, நீருதான குடுத்தீருனு கேட்டாரு.

"நான் குடுத்தது டப்பாவுல தகடு. வண்டியாக்குனது இதுக ரெண்டும். குடுத்தது குடுத்தபடினு நீங்கதான் சொல்றீக. தகடாவே திரும்பி வரட்டும்."

கூட்டத்துல சிரிப்பு. சரி கழட்டிக் குடுங்கப்பான்னாரு பெரியவரு. சங்கையாவோட அண்ணன் கைய நீட்டினான். ராவுத்தர் தடுத்துட்டாரு. மடக்குன நாக்கை மறுபடி நிமிர்த்துறது லேசு இல்ல, முரட்டுத்தனமா இழுத்தா முறிஞ்சு போகும், ஒருத்தர் புடிக்க ஒருத்தர்தான் நிமிர்த்தணும், மாட்டுனவுகளுக்குத்தான் எப்படி மாட்டுனோம்னு தெரியும்னு சொன்னாரு. ஒரு நாக்கு முறிஞ்சாலும் நான் வாங்க மாட்டேன்னுட்டாரு. ராவுத்தரே, நீரே கழட்டிக்கிரும்னு ஒருத்தன் சொன்னதுக்கு, செய்யத்தான் எனக்குத் தெரியும், பிரிக்கிறது என் தொழில் இல்லன்னு உக்காந்துட்டாராம். பிடிவாதம்னா அது பிடிவாதம்.

வேற வழி? ரெண்டு பேரும் ஜமக்காளத்துல உக்காந்தாக. எதிரெதிரா. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. கடைசியில இருந்துதான கழட்டணும், அதனால கார்டு பெட்டிய மொதல்ல எடுத்தாக. சங்கையா புடிச்சாரு, ஆவுடத்தாயி நகத்தால நாக்கை நெம்புச்சு. வரல. இவரு பிடி எறங்கிருச்சு, தகரம் கிறீச்சுன்னுச்சு. முறியப் போகுது.

"அழுத்திப் புடிங்க"ன்னுச்சு அந்தப் புள்ள.

அம்புட்டு நாளைக்கு அப்புறம் அதுதான் மொத வார்த்தை. இவரு அழுத்திப் புடிச்சாரு. நாக்கு நிமிர்ந்துச்சு. மெதுவான்னாரு இவரு. இந்தப் பக்கம் திருப்புங்கன்னுச்சு அது. கடைசி நாக்கையும் நிமித்தி, பெட்டியோட கூரையத் தூக்கினாக பாருங்க, உள்ளருந்து பொலபொலன்னு ஜமக்காளம் பூரா காராச்சேவு.

நெசமாத்தான் சொல்றேன். கல்யாணமான புதுசுல, ரயிலுல சரக்கு ஏத்துறோம்னு வெளையாட்டுக்குச் சேவு அள்ளிப் போட்டு மூடியிருக்காக. சரக்குப் பெட்டினு நெனச்சு கார்டு பெட்டியில போட்டவரு யாரு? நம்ம சங்கையாதான். ரெண்டு பேருமே மறந்து போனாக.

ஆவுடத்தாயி ஒரு துண்டை எடுத்துப் பாத்துச்சு. பாத்துட்டு, "எறும்புகூடத் தொடலையே ஒங்க கடைச் சேவ"ன்னுச்சு.

சங்கையா தலையக் குனிஞ்சபடி இருந்தாரு. தோளு குலுங்குது. அழுகுறாருனு நெனச்சாக. நிமிர்ந்தா சிரிக்கிறாரு. சிரிக்கிறாரு, கண்ணுல தண்ணியும் ஓடுது. அந்தப் புள்ளையும் முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்குது. சிரிச்சு முடிச்சாரு. எந்திரிச்சாரு. அவுக மாமனார் பலவேசம் தூணோரமா நின்னாரு, அவருக்கு நேரா போயி நின்னாரு.

"மாமா, நாலு பேருக்கு முன்னாலதான் ஒங்களப் பேசினேன். அதனால இத்தனை பேருக்கு முன்னால சொல்றேன். நான் பேசினது தப்பு."

பலவேசம் மருமகன் கையப் புடிச்சுக்கிட்டாரு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் சங்கையா திரும்பி, ஜமக்காளத்துல உக்காந்திருந்த அந்தப் புள்ளையப் பாத்து, "வா புள்ள, வீட்டுக்குப் போவோம்"ன்னாரு.

பெரியவர் ராக்கப்பன் தொண்டையச் செருமிக்கிட்டு, மிச்சப் பெட்டியெல்லாம் கழட்டணுமேனு இழுத்தாராம். அவருக்கு வழக்கம் வழக்கம்தான். ஊரே சேந்து அவர உக்கார வச்சுருச்சு. பித்தளைப் பானை, கட்டிலு, டிரங்குப் பெட்டி எல்லாம் வந்த வழியே திரும்பிப் போச்சு. பெரியவரே ஒரு பானையத் தூக்கிட்டுப் போனாருனு சொல்லுவாக.

ராவுத்தருக்கு மனசு குளிர்ந்து போச்சு. கீழ கெடந்த கார்டு பெட்டித் தகட்டைக் காட்டி, இங்க குடு தாயி, நானே மடக்கித் தரேன்னு கேட்டாரு. ஆவுடத்தாயி குடுக்கல.

"வேண்டாம் ராவுத்தரே. இது இப்படியே கெடக்கட்டும். நாங்க எதுவரைக்கும் போயிட்டுத் திரும்பினோம்னு தெரியணும்ல"ன்னுச்சு.

ராவுத்தர் சரின்னு தலையாட்டினாராம். அதுக்கப்புறம் அவரு கல்யாண வீட்டுக்குக் குடுத்த எந்த வண்டியிலயும் கார்டு பெட்டியை மட்டும் மடக்க விடல. அதைத் தகடாவே குடுத்து விடுவாரு. கேட்டா, ஆவுடத்தாயி சொல்லிருச்சும்பாரு.

அவரு மவுத்தாகிக் கண்ண மூடினப்ப, சந்தூக்குப் பெட்டியில வச்சு அதே கேட்டு வழியாத்தான் தூக்கிட்டுப் போனாக. அன்னைக்கு எஞ்சின் டிரைவரு வண்டிய கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டு, கூட்டம் தாண்டுற வரைக்கும் ஊதல் ஊதிக்கிட்டே இருந்தாராம். சங்கையாவும் தோள் குடுத்தாரு. ஆவுடத்தாயி கேட்டு வாசல்ல நின்னு, வெக்கம் பாக்காமக் கதறி அழுதுச்சாம். அழுகாம என்ன செய்யும்? அதுக்கு அவரு இன்னொரு அப்பன்ல.

அதான் சேதி. எந்தச் சாதி, எந்த மதமா இருந்தாலும், மூலக்கரையில கல்யாணம்னா ராவுத்தர் வண்டி மாட்டணும். அவரு பேரன் வீட்டுலதான் இன்னமும் செய்யுறாக. மாப்பிள்ளை புடிப்பாரு, பொண்ணு மடக்கும். கார்டு பெட்டியைத் தொட மாட்டாக. ஒரு பெட்டிய மறந்துட்டாகனு மேடைக்குப் போயிக் கைய வச்சுறாதீக. அந்தத் தகடு பொண்ணு கூடவே புகுந்த வீட்டுக்குப் போகும், அலமாரியில இருக்கும். வீட்டுல ரெண்டு பேருக்கும் ஆகாமப் போச்சுன்னா பெரியவுக யாரும் புத்தி சொல்ல வர மாட்டாக. வண்டியக் கழட்டி டப்பாவுல போட்டு ரெண்டு பேருமாக் கொண்டாங்க, அத்து விடுறோம்னு மட்டும் சொல்லுவாக. கழட்டிக் கொண்டு வந்தவுகளும் உண்டு. ஒரு நாக்கு முறியாமக் கொண்டு வந்தாக. மரியாதையா அத்து விட்டோம், இன்னைக்கும் அவுக ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காக. நான் அதையும் சொல்லித்தான் ஆகணும்.

எங்க வீட்டு அலமாரியிலயும் அந்தத் தகடு இருக்கு. ஒருக்கா ஆகாமப் போயி நானும் எங்க வீட்டம்மாவும் வண்டிய எறக்கி நடுவுல வச்சுக்கிட்டு உக்காந்தோம். அவ, மொதல்ல நீங்க புடிங்கன்னா. நான் புடிச்சேன். பெட்டியப் புடிச்ச கையிமேல அவ கைய வச்சா, வச்சவ எடுக்கல.