தன் அறிக்கையைத் தானே திருத்திய மருத்துவருக்கு

வாய் மூடியவர்களின் வாக்குமூலத்தை முப்பத்தோர் ஆண்டுகள் பொறுமையாய்ப் படித்தவரே! கலங்கி வந்தவர்களுக்குக் கனிவையும், கடமையில் வந்தவர்களுக்குக் கண்டிப்பையும் குறைவின்றித் தந்தவரே! சட்ட மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்பிலிருந்து இன்று விடைபெறும் எங்கள் பெருமதிப்பிற்குரிய அம்மா அவர்களே! உங்களோடு ஒரே கூரையின் கீழ் உழைத்தவர்கள் கூடி நின்று, கனத்த மனத்தோடு சொல்லும் வணக்கம் இது.

இப்படி ஒரு மடல் வாசிக்கப் போகிறோம் என்று சென்ற வாரம் உங்கள் அறைக்கு வந்து சொன்னபோது, "பாராட்டெல்லாம் எதுக்கு? ஆளுக்கொரு டீயைக் குடிச்சுட்டு நான் பாட்டுக்குக் கிளம்பறேன்" என்றீர்கள். நாங்கள் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "எழுதித்தான் தீருவீங்கன்னா அந்தக் கேஸையும் எழுதுங்க. அதை விட்டுட்டு எழுதினா அது வேற யாருக்கோ எழுதின மடல். நான் கை நீட்டி வாங்க மாட்டேன்."

ஆகவே அதையும் எழுதியிருக்கிறோம். இந்த அவையில் அது வாசிக்கப்படுவது உங்கள் விருப்பம். எங்கள் துணிச்சல் அன்று.

முதலில் இந்த இடத்தை நீங்கள் மாற்றிய விதத்தைச் சொல்ல வேண்டும். பின்வாசல் வழியாக மட்டுமே ஆட்கள் வந்துபோன கட்டடம் இது. குடும்பத்தார் வெயிலில் நின்று, யாரோ ஒருவர் சன்னல் வழியாகக் கூவி அழைக்கும்வரை காத்திருப்பார்கள். அங்கே ஒரு நீள இருக்கையும் குடிநீர்த் தொட்டியும் வரவைத்தீர்கள். அவர்களிடம் எதைச் சொல்வதாயினும் நின்றுகொண்டு சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னீர்கள். "பாடி வந்திருக்கு" என்ற சொல்லை இந்த வளாகத்திலேயே கேட்கக் கூடாது என்றும், "ஒருத்தர் வந்திருக்காங்க" என்றுதான் சொல்ல வேண்டும் என்றும் விதித்தீர்கள். அந்த விதி தெரியாத புதுத் தட்டச்சர், "மூணு பேர் வந்திருக்காங்க" என்று கேட்டதும் வரவேற்பறையில் மூன்று நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டு, "காப்பியா டீயா சார்?" என்று கேட்ட கதையை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறோம். அந்தத் தட்டச்சர்தான் இந்த மடலையும் தட்டச்சு செய்திருக்கிறார், அந்த வரியை நீக்கச் சொல்லிக் கெஞ்சினார், நாங்கள் இணங்கவில்லை.

ஏறத்தாழ பதினோராயிரம் கூறாய்வுகள். நூற்றுக்கணக்கான முறை சாட்சிக் கூண்டு. உங்களிடம் பயின்று வெளியேறிய மருத்துவர்கள் எண்பதுக்கும் மேல். இவை துறையின் பதிவேடுகளில் இருக்கின்றன. எவரும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி அந்த வழக்கு.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர் இங்கே கொண்டுவரப்பட்டார். கணவர் இரும்பு கடையும் கடைசல் பட்டறையில் தொழிலாளி. முந்தைய நாள் இருவருக்கும் பெரிய சண்டை, தெருவே கேட்டது. கணவர் குடித்துவிட்டு வந்து படுத்தார். விடிந்து பார்த்தால் மனைவி எழவில்லை. அதே காலையில் கவிழ்ந்த பேருந்திலிருந்து ஐந்து பேர் வந்து வரிசையில் இருந்தார்கள். எங்கள் எல்லாராலும் பெரியண்ணன் என்றே அழைக்கப்பட்ட சவக்கிடங்கு உதவியாளர், "கழுத்தைப் பிடிச்சிருப்பான்னு ஸ்டேஷன்ல சொல்றாங்கம்மா. கழுத்தையே முதல்ல திறந்து பாத்துரலாமா?" என்று கேட்டார். "சரி, பாத்துரலாம்" என்றீர்கள்.

கழுத்தின் தசைகளில் ஆழத்தில் இரத்தம் கட்டியிருந்தது. கழுத்தை நெரித்ததால் நேர்ந்த மரணம் என்று கையெழுத்திட்டீர்கள். இதயத்திலிருந்து எடுத்த சிறு துண்டு மெழுகில் பதிக்கப்பட்டது. ஆனால் காரணம்தான் தெரிந்துவிட்டதே என்று, அதைச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கும்படி எவரும் கேட்கவில்லை. கடைசல்காரருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு பயிற்சிக்குப் போய்வந்தீர்கள். வந்த அன்றே அறைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதவைத்தீர்கள்: கழுத்து கடைசியில். தலையும் மார்பும் திறக்கப்படாமல் இரத்தம் தேங்கி நிற்கும்போது கழுத்தை அறுத்தால், நாளங்களிலிருந்து இரத்தம் தசைகளுக்குள் கசிந்து, நெரித்த காயம் போலவே தோன்றும். மூளையையும் இதயத்தையும் முதலில் எடுத்துவிட்டால் இரத்தம் வடிந்துவிடும். பிறகு கழுத்தில் காண்பது உண்மையான காயம். இதை எங்களுக்குப் பாடமாகச் சொன்னீர்கள். தவறியவர்களை மேசையை விட்டு விலக்கினீர்கள். பதினைந்து ஆண்டுகள் அந்தச் சுவரைப் பார்த்தே நாங்கள் கத்தியை எடுத்தோம்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன், கடைசல்காரரின் அக்கா விடாமல் போட்ட மனுக்களின் பயனாக, வழக்கை மறுபடி ஆராய மூன்று வெளி மருத்துவர்களை நீதிமன்றம் நியமித்தது. அவர்கள் இந்தத் துறையிடம் பழைய கோப்பைக் கேட்டார்கள். முகப்புக் கடிதம் ஒன்றை வைத்து அனுப்பியிருந்தால் உங்கள் வேலை முடிந்திருக்கும். நீங்கள் கோப்பைப் பிரித்தீர்கள். படங்களை வரிசையாக மேசையில் அடுக்கினீர்கள். ஏழாவது படத்தில் உங்கள் கை நின்றது. அதில் கழுத்து திறந்திருக்கிறது. தலைமுடி பின்னியது பின்னியபடி இருக்கிறது; தலை இன்னும் திறக்கப்படவில்லை.

உடனிருந்த இளம் மருத்துவர் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், அப்போ இந்த விஷயம் உங்களுக்குத் தெரியாதே" என்று தேற்ற முயன்றார்.

"அப்போ தெரியாது. சரி. நாலு வருஷம் கழிச்சுத் தெரிஞ்சுது இல்ல? சுவத்துல எழுதத் தெரிஞ்சுது. பின்னாடி திரும்பி, இதுக்கு முன்னாடி நாம எத்தனை கழுத்தைத் தப்பா படிச்சோம்னு பாக்கத் தோணலையே. முதல் தப்பு ஒரு காலையில நடந்தது. ரெண்டாவது தப்பைப் பதிமூணு வருஷமா தினமும் பண்ணியிருக்கேன்."

அம்மா, அந்தச் சொல் அன்று எங்களில் ஒவ்வொருவரையும் சுட்டது. சுவரை நாங்களும்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்!

மெழுகில் பதித்த அந்த இதயத் துண்டு இருக்கிறதா என்ற தேடல் மூன்று நாள் நடந்தது. கூரை ஒழுகிய கிடங்கில் அட்டைப் பெட்டிகள் ஊறிக் கூழாகியிருந்தன. எண்கள் அழிந்திருந்தன. அது கிடைக்காவிட்டால், கழுத்துக் காயம் ஐயத்துக்குரியது என்று சொல்லலாமே தவிர, அந்தப் பெண் எதனால் இறந்தார் என்று சொல்ல இயலாது. மூன்றாம் நாள் மதியம் ஒரு தகரப் பெட்டியின் அடியில் கட்டைவிரல் அளவில் அது கிடைத்தது. வெளி மருத்துவர்களின் முன்னிலையில் எங்கள் ஆய்வக நுட்பர் அதைச் சீவினார். நீங்கள் உள்ளே வர மறுத்தீர்கள். "நான் இதுல கட்சிக்காரி. நான் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, குடும்பத்தாருக்காக நீங்களே போடச்செய்த இருக்கையில் போய் உட்கார்ந்தீர்கள். உள்ளிருந்து யார் வந்து என்ன சொல்வார்களோ என்று அந்த இருக்கையில் இருப்பவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தீர்கள்.

இதயத் தசை முழுவதும் அழற்சி. வெறுங்கண்ணுக்குத் தெரியாதது; இளம் வயதினரையும் உறக்கத்திலேயே நிறுத்திவிடுவது. அந்தப் பெண்ணை யாரும் கொல்லவில்லை.

"ரிட்டயர்மெண்ட் நெருங்கற நேரத்துல எதுக்குங்க வம்பு? மூணு பேர் எழுதிட்டாங்க, நீங்க பேசாம இருங்க" என்று மேலிடத்து அதிகாரி ஒருவர் அன்போடுதான் சொன்னார். "உள்ள இருக்கறவருக்கு யாரும் அப்படிச் சொல்ல முடியாதே சார்" என்றீர்கள். நீதிமன்றத்துக்குப் போகும் முன் பெரியண்ணன் வீடு தேடிப் போனீர்கள். வேறு யார் வாயிலிருந்தும் அவர் கேட்டுவிடக் கூடாது என்பது உங்கள் கவலை. பணி ஓய்வுபெற்று, முட்டி வலியோடு கட்டிலில் இருந்த மனிதர் தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கத்தி என் கையிலதானம்மா இருந்துச்சு" என்றார். "கத்தி உங்க கையில இருந்துச்சு அண்ணே. சரின்னு சொன்ன வாய் என்னுது" என்றீர்கள். நீதிமன்றத்துக்குத் தந்த திருத்த அறிக்கையிலும் அப்படியே எழுதினீர்கள்.

கூண்டில் அரசு வழக்கறிஞர் உங்களை விடவில்லை. "அன்னைக்குச் சத்தியம் பண்ணிட்டுச் சொன்னீங்க, கொலைன்னு. இன்னைக்கும் சத்தியம் பண்ணிட்டுச் சொல்றீங்க, இல்லைன்னு. எந்தச் சத்தியத்தை நாங்க எடுத்துக்கறது?" என்று கேட்டு, அவையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அன்னைக்குத் தப்பா சொன்னேன், பொய் சொல்லலை. இன்னைக்கும் நான் பேசாம இருந்திருந்தா அதுதான் பொய்" என்றீர்கள்.

தீர்ப்பு வந்த நாளில் வாசலில் கடைசல்காரரின் அக்கா உங்களை வழிமறித்தார். தையல் வேலை செய்து, தைத்த கையாலேயே மனு எழுதி முதுகு வளைந்துபோனவர். உங்களை மேலும் கீழும் பார்த்து, "நீங்கதானா அந்த டாக்டரம்மா? நல்லாத்தான் இருக்கீங்க. தலைமுடிகூட நரைக்கலை. எங்களுக்குத்தான் எல்லாம் நரைச்சுப்போச்சு" என்றார். நீங்கள் தலை குனிந்து நின்றீர்கள். மன்னிப்பு என்று தொடங்கியதும் அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "அதை எங்கிட்டக் கேக்காதீங்க. அவன் வெளிய வரட்டும்."

வந்தார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தார். திருத்திய இறப்புச் சான்றை வாங்க, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு இந்த அலுவலகத்துக்கே வந்தார். நாங்கள் எழுந்து நின்றோம். எல்லாரும் நிற்பதைக் கண்டு அவர் பயந்து இரண்டடி பின்வாங்கினார். நீங்கள் அவரை உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, மன்னிக்கும்படி கேட்டீர்கள். அது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. தாளைக் காட்டி, "இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?" என்றார்.

"இதயத் தசை அழற்சியால் நேர்ந்த இயற்கை மரணம்" என்று படித்தீர்கள்.

"இன்னொரு தரம்."

படித்தீர்கள்.

"அப்போ நான் செய்யலையா?" என்று கேட்டார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கடைசல்காரர் தாளையே பார்த்தபடி சொன்னார்: "எனக்கு அந்த ராத்திரி ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா. குடிச்சிருந்தேன். செய்யலைன்னுதான் முதல்ல சொன்னேன். அப்புறம், அவ்வளவு படிச்சவங்க கழுத்தைத் திறந்து பாத்துச் சொல்றாங்களே, தூக்கத்துல நான்தான் செஞ்சிருப்பேன்னு நானே நம்பிட்டேன். இனி மனு எழுதாதே, விட்டுருன்னு அக்காகிட்டகூடச் சொன்னேன். செத்துப்போன என் பொண்டாட்டிகிட்ட தினமும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"நீங்க செய்யலை. யாருமே செய்யலை" என்றீர்கள். உங்கள் குரல் உடைந்து நாங்கள் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அவர்கள் போனதும் கோப்பறைச் சாவியைக் கேட்டீர்கள். சுவரில் அந்த வரி எழுதப்படும் முன் இந்த மேசையில் கழுத்து நெரிப்பு என்று முடிவான அறுபத்து மூன்று கோப்புகளை, மீதமிருந்த பணிக்காலம் முழுவதும் ஒவ்வொன்றாய்ப் பிரித்தீர்கள். நீங்கள் எழுதியவையும் உண்டு. உங்களுக்கு முன்னிருந்தவர்கள் எழுதியவையும் உண்டு. "தன்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு இன்னும் எத்தனை பேர் உக்காந்திருக்காங்களோ" என்றீர்கள். அறுபத்திரண்டில் முறிந்த எலும்போ, நகத் தடமோ, வேறு உறுதியான சான்றோ இருந்தது. ஒன்றில் இல்லை. அதில் எது முதலில் திறக்கப்பட்டது என்று காட்டப் படமும் இல்லை. அதையும் நீதிமன்றத்துக்கு எழுதிவிட்டீர்கள். பதில் இன்னும் வரவில்லை. அந்தக் கோப்பின் மனிதர் இன்னும் உள்ளே இருக்கிறார்.

நேர்மையின் நிலைக்களமே! நெஞ்சுரத்தின் நிழலே! இத்தகைய மடல்களின் முடிவில் மன அமைதியோடு வாழ்க என்று வாழ்த்துவது வழக்கம். உங்களுக்கு அதைச் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. பதினெட்டு ஆண்டுகளை எவராலும் திருப்பித் தர இயலாது என்பதை எங்களைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். வேறொன்று கேட்கிறோம். வேளைக்கு உண்ணுங்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கண் அறுவையை இந்த மாதமே செய்துகொள்ளுங்கள். நடக்கும் கால்களும், தளராத குரலும், தெளிந்த நினைவும் இன்னும் பல்லாண்டு உங்களுக்கு வாய்க்கட்டும். அந்த ஒரு கோப்புக்கான அழைப்பு என்றேனும் வரும். அன்று கூண்டில் ஏறி நின்று, தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்ல, அம்மா, நீங்கள் இருக்க வேண்டும்.

கலங்கிய கண்களோடும் கூப்பிய கைகளோடும்,

சட்ட மருத்துவத் துறையின்
மருத்துவர்கள், ஆய்வக நுட்பர்கள்,
சவக்கிடங்கு உதவியாளர்கள், அலுவலகப் பணியாளர்கள்