மேடையிலிருந்து நடந்தே போய்விட்ட என் தம்பியைக் குறித்து

என் பெயரும் அடையாள அட்டை எண்ணும் முதல் தாளில் பதிவாகியிருக்கின்றன. வயது ஐம்பத்து நான்கு. இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவன். திருமணம் ஆகவில்லை. பெரிய தபால் நிலையத்தின் பின்புறம் மூன்றாம் குறுக்குத் தெருவில், தையல் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். பத்தொன்பது வருடங்களாக என் தம்பி நடத்தும் நாடகக் குழுவில் வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை செய்து வருகிறேன். காணாமல் போயிருப்பவர் அந்தத் தம்பி. அவருக்கு வயது ஐம்பத்தொன்று. இன்று மதியம் ஒரு மணிக்கு அரங்க மேலாளர் கடைத்தெருக் காவல் சாவடியில் எழுதிக் கொடுத்த புகாரில், ஒலிக்கருவி பழுதானதால் நடிகர் கோபித்துக்கொண்டு வெளியேறினார் என்று இருக்கிறது. அது மேலாளர் சொன்ன பொய் அல்ல. நான் அவரிடம் சொன்ன பொய். அதைத் திருத்துவதற்காக மாலை ஐந்து இருபதுக்கு நானாகவே இந்த நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

என் தம்பியை இந்த நகரத்தில் பலருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்த உடனேயே சிரிக்கத் தொடங்குவார்கள். அவர் பேசிச் சிரிக்க வைக்கும் வசனங்களில் பெரும்பாலானவை நான் எழுதியவை. சுவரொட்டியில் அவர் பெயர் ஒரு முழ உயரத்துக்கும் என் பெயர் 'உதவி' என்ற சொல்லுக்குக் கீழே மிளகு அளவிலும் இருக்கும். இதைப் பற்றி ஒருமுறை கேட்டபோது, பேரு முக்கியமா வேலை முக்கியமா என்று திருப்பிக் கேட்டார். பெயர் முக்கியமில்லை என்று சொல்கிறவர்களுடைய பெயர்தான் எப்போதும் பெரிதாக அச்சாகிறது என்பது என் அனுபவம். பழைய கதை வேண்டாம், இன்றைக்கு நடந்ததற்கு வாருங்கள் என்று அதிகாரி சொன்னதால் இதை இத்துடன் நிறுத்துகிறேன்.

பதினான்கு மாதங்களுக்கு முன்பு தம்பிக்கு ஞாபகக் கோளாறு இருப்பதாக மருத்துவர் எழுதிக் கொடுத்தார். போகப் போகக் கூடும், குறையாது என்றார். இது மருத்துவருக்கும், தம்பி மனைவிக்கும், எனக்கும் மட்டுமே தெரியும். அன்று மருத்துவமனைப் படிக்கட்டில் தம்பி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய தெரிஞ்சா நான் அன்னைக்கே செத்தேன்ணே. உன் வாயால வரக்கூடாது" என்று கேட்டுக்கொண்டார். நான் வாக்குக் கொடுத்தேன். இதுவரை அதை மீறவில்லை. இப்போது இந்தத் தாளில் மீறுகிறேன்.

அதன் பிறகு அவருடைய காதுக்குள் கடலை அளவில் ஒரு கருவி வைத்தோம். சத்தத்தை வாங்கும் சிறு பெட்டி அவர் இடுப்பில் இருக்கும். நான் மேடையின் இடது பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சட்டையில் குத்திய மைக்கில் மெதுவாகப் பேசுவேன். முதலில் மறந்த சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் முழு வசனத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதன் பிறகு அசைவுகளையும் சொன்னேன். உட்காரு, எழுந்திரு, அவளைப் பாரு, சிரி, நட, நில்லு என்று நான் சொல்லச் சொல்ல அவர் செய்வார். ஒன்று சொன்னால் அடுத்தது சொல்லும் வரை அதையே செய்துகொண்டிருப்பார். ஒத்திகையில் ஒருநாள் 'சிரி' என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகவே அவரை நிறுத்தும் சொல்லைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

இன்று வண்டியில்லா ஞாயிறு. மாதம் ஒருமுறை அரங்கம் இருக்கும் கடைத்தெருவையும் அதை ஒட்டிய நான்கு தெருக்களையும் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை வண்டிகளுக்கு அடைத்து, பாட்டுக்காரர்களையும் வித்தைக்காரர்களையும் வேஷம் போட்டவர்களையும் நடக்க விடுவார்கள். எங்கள் காட்சி பதினொரு மணிக்கு. பத்தரை மணிக்கு ஒப்பனை அறையில் தம்பியின் பொய்முடிக்கு அடியில் நான் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, வானொலியிலிருந்து ஒரு பெண் வந்து பேட்டி எடுத்தார். இந்த வயதில் இரண்டு மணி நேர வசனம் எப்படி நினைவில் நிற்கிறது என்று கேட்டார். தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே, "எனக்கு மறதின்னா என்னன்னே தெரியாதும்மா. எங்க அண்ணனுக்குத்தான் எதுவும் நிக்காது. அதான் பாவம்னு கையில ஸ்கிரிப்ட்ட குடுத்து ஓரமா உக்கார வச்சிருக்கேன்" என்றார். அறையில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார். என் விரல் அப்போது அவர் காதுக்குப் பின்னால் கருவியின் கம்பி மேல் ஒட்டுத்தாளை அழுத்திக்கொண்டிருந்தது. அவர் வேண்டுமென்றே சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் அதை உண்மை என்றே நம்பியிருக்கலாம் என்று தெருவில் அவரைத் தேடி அலையும்போதுதான் எனக்குத் தோன்றியது.

நாடகம், பதவியை விட்டுவிட ஆசைப்படும் ஒரு ராஜாவைப் பற்றியது. ராஜாவுக்கு மேலே யாரும் இல்லாததால் அவருடைய ராஜினாமாவை வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்காது. இரண்டாம் காட்சியில் ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்து மேடையின் முன்விளிம்பு வரை நடந்து, நின்று, திரும்பி, "சரி, இதை யார்கிட்ட குடுக்கறது?" என்று கேட்க வேண்டும். பதினொன்று இருபத்தைந்துக்கு 'எழுந்திரு' என்றேன், எழுந்தார். 'நட' என்றேன், நடந்தார். அதன் பிறகு மைக்கை அணைத்தேன். கருவி பழுதாகவில்லை. என் கட்டைவிரலால் அணைத்தேன். பத்து எண்ணும் வரை அவர் வாயடைத்து நிற்கட்டும், யாருக்கு மறதி என்று அவருக்குத் தெரியட்டும் என்பதே என் எண்ணம்.

ஆனால் அவர் நிற்கவில்லை. முன்விளிம்பில் நான்கு படிகள் இருக்கின்றன. அங்கியை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவற்றில் இறங்கினார். நடுப்பாதை வழியாக நடந்தார். இதுவும் நாடகம் என்று நினைத்து மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கதவருகே உட்கார்ந்திருந்த ஒருவர் தாமாகவே கதவைத் திறந்துவிட்டு, குனிந்து வணங்கி, "வழி விடுங்க, மகாராஜா வர்றார்" என்றார். அரங்கமே சிரித்தது. நான் மைக்கைப் போட்டு 'நில்லு' என்று சொன்னபோது அவர் கதவுக்கு அப்பால் போயிருந்தார். அரங்கின் சுவர் இரண்டடித் தடிமன், அதைத் தாண்டி என் மைக்கின் சத்தம் போகாது.

அப்போதே ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. அந்தக் கைதட்டலைக் கேட்டபோது, என் மௌனத்தையும் தன் பெயரில் போட்டுக்கொண்டுவிட்டாரே என்றுதான் எனக்கு எரிச்சல் வந்தது. முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். ராணி வேஷம் போட்டவர் வாய்க்கு வந்ததைப் பேசிச் சமாளித்து, பதினொன்று நாற்பதுக்கு இடைவேளை விட்டார். அதன் பிறகு மேலாளர் உள்ளே வந்து, "என்ன சார், ராஜா வெளிநடப்பு பண்ணிட்டாரா?" என்று கேட்டார். கருவி கோளாறு, அதனால் கோபித்துக்கொண்டு போயிருப்பார் என்றேன்.

அதன் பிறகு தெருவுக்கு வந்தேன். தெருவில் எள் விழ இடமில்லை. சாதாரண நாளாக இருந்தால் தங்கக் காகிதக் கிரீடமும் சிவப்பு வெல்வெட் அங்கியும் அணிந்து நடப்பவரை நாலு பேர் நிறுத்திக் கேட்டிருப்பார்கள். இன்று அங்கே இரண்டு கரடிகளும், உடம்பெல்லாம் வெள்ளி வண்ணம் பூசிய ஒருவரும், நெருப்பு விழுங்குகிறவரும் இருந்தார்கள். கட்டைக்கால் கட்டி உயரத்தில் நடந்த ஒருவரிடம் ராஜாவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அவரா? செம ஆர்ட்டிஸ்ட் சார். இவ்ளோ உயரத்துலேர்ந்து குனிஞ்சு கும்புட்டேன், கண்டுக்கவே இல்ல. கேரக்டர விட்டு வெளிய வரவே மாட்டேங்கறாரு" என்றார். அவரோடு இருந்த மாணவி தன் கைபேசியில் ஒரு படம் காட்டினார். நேரம் பன்னிரண்டு பத்து. மாணவி சிரித்துக்கொண்டு நிற்கிறார். தம்பி அவரைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறார். தரையில் படி எதுவும் இல்லை, ஆனால் இடது கை இன்னும் அங்கியைத் தூக்கிப் பிடித்திருந்தது. படியில் இறங்கும்போது அப்படிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது நான்.

அதன் பிறகு நீரூற்றுப் பக்கம் போனேன். அங்கே குழந்தைகளின் முகத்தில் வண்ணம் தீட்டும் ஒரு பெண் அவரைப் பார்த்திருந்தார். கூட்டம் அடைத்துக்கொண்டதால் தம்பி இருந்த இடத்திலேயே சிறிது நேரம் அடி வைத்துக்கொண்டிருந்தாராம். போகிற வருகிறவர்களிடம் எல்லாம், "அடுத்து என்ன?" என்று கேட்டாராம். அவர்கள் 'அடுத்து பாட்டு', 'அடுத்து டான்ஸ்' என்று பதில் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். ஒரு குழந்தை மட்டும் அழுததாகவும் அதை அதன் தாய் அதட்டியதாகவும் அந்தப் பெண் சொன்னார். அவர் எடுத்த படத்தில் நேரம் பன்னிரண்டு நாற்பது. கிரீடம் இல்லை. ஒரு கால் செருப்பில்லாமல் இருந்தது. மேம்பாலம் இருக்கும் திசையில் போனாராம். அதற்குப் பின் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

என் மைக்கின் சத்தம் திறந்த வெளியில் நூறு அடி தூரம் வரை அவர் காதில் கேட்கும். ஆகவே அதை வாயருகே பிடித்துக்கொண்டு, "நில்லு. அண்ணன் பேசறேன், நில்லு" என்று சொல்லிக்கொண்டே ஐந்து தெருக்களையும் மூன்று முறை சுற்றினேன். என்னையும் நிகழ்ச்சியில் ஒருவன் என்று எண்ணிச் சிலர் வட்டமாக நின்று பார்த்தார்கள். ஒரு தகப்பனார் தன் மகளிடம், "அங்கிள் என்ன பண்றார்னு கண்டுபுடி பாப்போம்" என்றார். இந்த நிலையத்தில் இதைச் சொல்லும்போதும் இடையிடையே நான் சட்டை மைக்கில் 'நில்லு' என்று சொல்லி வருகிறேன். எழுத்தர் அதை எழுதவில்லை. அதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு மணிக்குத் தம்பி மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கத்தவில்லை. "நீங்க பக்கத்துலதானே மாமா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அவரிடமும் கருவி கோளாறு என்றுதான் சொன்னேன். இப்போது அவர் மருத்துவமனைகளில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு சாவடிக்குப் போனேன். அங்கே இருந்த காவலர் மேலாளரின் புகாரைக் காட்டி, "வளர்ந்த ஆளு சார். கோவம் தணிஞ்சா வந்துடுவாரு. சொந்த விருப்பத்துல போனவரைத் தேடணும்னா இருபத்திநாலு மணி நேரம் ஆகணும்" என்றார். அவருக்கு நோய் இருக்கிறது, தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாதவர் என்று எழுதிக் கொடுத்தால் உடனே எல்லாக் காவல் வண்டிகளுக்கும் செய்தி போகும் என்பது அந்தச் சாவடிச் சுவரிலேயே அச்சடித்து ஒட்டியிருந்தது. அதை இரண்டு முறை படித்தேன். எழுதினால் வாக்கை மீற வேண்டும், மைக்கை அணைத்ததையும் சொல்ல வேண்டும். எழுதாமல் வெளியே வந்தேன். வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

நான்கு மணிக்கு மேம்பாலத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தேன். மஞ்சள் சட்டைக்காரர்கள் இருவர் தடுப்புகளை நகர்த்தினார்கள். முதலில் ஒரு பேருந்து வந்தது. அதன் பின்னால் லாரிகள் வந்தன. ஆள் குறுக்கே வந்தால் நிற்பது ஓட்டுநர் வேலை. வண்டி வந்தால் நிற்பது நடக்கிறவர் வேலை. என் தம்பியை நடக்கச் சொல்லியிருக்கிறேன், நிற்கச் சொல்லவில்லை. அங்கிருந்து பாலத்தின் இரு பக்கமும் ஓடிப் பார்த்துவிட்டு இங்கே வந்தேன்.

செய்தி அனுப்பும்போது கீழ்க்கண்டவற்றைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். சிவப்பு அங்கி, ஒட்டுத்தாடி. வலது முழங்காலில் பழைய வலி உண்டு, ஆறு மணி நேரம் நடந்திருந்தால் அந்தக் காலை இழுப்பார். அவரைக் கண்டால் பெயரைக் கேட்க வேண்டாம், நாடகப் பெயரைச் சொல்லிவிடுவார். எது சொன்னாலும் சிரிக்க வேண்டாம். சிரிப்புக் கேட்டால் தான் சரியாகச் செய்வதாக நினைத்துத் தொடர்ந்து செய்வார். காவல் வண்டியில் சங்கு ஊத வேண்டாம், அந்தச் சத்தத்தில் என் குரல் அவருக்குக் கேட்காது. பாலத்தின் பக்கம் போகும் வண்டியில் என்னை ஏற்றிக்கொள்ள வேண்டும். அவர் காதில் உள்ள கருவிக்கு ஏழு மணி வரைதான் உயிர் இருக்கும். என் மீது என்ன வழக்குப் போட்டாலும் அதற்குப் பின் போட்டுக்கொள்ளலாம்.

என் தம்பி நோயாளி, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இயலாதவர் என்பதையும், அவர் சொந்த விருப்பத்தில் போகவில்லை, நான் அனுப்பியபடி போனார் என்பதையும் யாருடைய கட்டாயமும் இல்லாமல், தெளிந்த புத்தியோடு சொல்லியிருக்கிறேன். விதிப்படி இதை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் அதற்குப் பத்து நிமிடம் ஆகும் என்றும் எழுத்தர் சொன்னார். வாசிக்க வேண்டாம். எழுதியதில் பிழை இருந்தால் அது எனக்கு எதிராகவே இருக்கட்டும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போதும்.

(ஒப்பம்)
மாலை 5.51