ஒல்லாந்துக்காரன் குடுத்த வார்த்த

இல்ல சார், ஆர்த்தி வர மாட்டா. மெட்ராஸ்ல எவ்ளோ பெரிய மேடையா இருந்தாலும் சரி. மேடை இன்னா மேடை, எம்பொண்ணு ஸ்கூலுக்கே போவல, உங்க விழா முடிஞ்ச நாள்லேர்ந்து. நீங்க உக்காருங்க. அந்த எறா கூடைய தள்ளி வெக்கிறேன், பேன்ட்ல பட்டா நாறும்.

ஐய, உங்க மேல இன்னா கோவம் எனக்கு? எங்க தோணிரேவுக்கு யாரு சார் வருவாங்க, ஒல்லாந்து நாட்ட பத்தி புள்ளைங்களுக்கு சொல்லிக்குடுக்க? ஒரு மாசமா எங்க வூட்ல அதே பேச்சு தான். அந்த நாடு கடலுக்குக் கீழ கீதாம், செவுரு கட்டி தண்ணிய தள்ளி வெச்சிக்கினாங்களாம். ரொம்ப சந்தோசம். இங்க மழைல ஏரி வூட்டுக்குள்ள வந்தா தாசில்தாரு வர்றாரு, அதுவும் தண்ணி வடிஞ்சப்புறம். அங்க மந்திரியே சைக்கிள்ல போவாராம். எங்க வூட்டுக்காரரும் தான் சைக்கிள்ல மீன் எடுத்துனு போறாரு, ஒருத்தனும் போட்டா புடிக்கல. அப்புறம் மரத்துல செருப்பாம். நம்ம சேத்துல அத மாட்டிக்கினு எறங்குனா ஆளு கரைக்கு வருவான், செருப்பு வராது.

பழவேற்காட்டுல அவங்க கட்ன கோட்டைய காட்டுனீங்களாமே. முள்ளு தான் கீது அங்க. அங்கேர்ந்து கப்பல்ல துணி ஏத்துனாங்கன்னு சொல்லிக்குடுத்தீங்க. ஆளுங்களயும் அடிமையா புடிச்சி ஏத்துனாங்கன்னு எங்க வூட்டுக்காரர் சொல்றாரு. அது அடுத்த வருசப் பாடம் போல.

சரி, அத வுடுங்க. துட்டு, கக்கூஸு, ரெண்டும் ஒல்லாந்துக்காரன் பேச்சுலேர்ந்து நமக்கு வந்த வார்த்தையாமே. ஆர்த்தி வந்து அவ நைனாகிட்ட சொல்றா, அந்த மனுசனுக்கு சிரிச்சி சிரிச்சி பொற ஏறிடுச்சி. துட்ட அவன் கப்பல்லயே எடுத்துக்கினு போய்ட்டான். கக்கூஸு, எங்க புள்ளைங்களுக்குப் பேராவது மிஞ்சுச்சி.

இன்னா, ஸ்கூல்ல தான் ஒண்ணு கீதேன்றீங்களா? கீது. கொழாய்ல தான் தண்ணி வராது. பேரு பெத்த பேரு, தாக நீலு லேதுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க, பேரு தான் பெருசு, குடிக்க தண்ணி இல்லன்னு. பொண்ணுங்க ஒருத்திய காவலுக்கு நிறுத்திட்டு வேலிகாத்தான் முள்ளுப் பொதரு மறவுக்குப் போயிடுவாளுங்க. வெளிநாட்டுலேர்ந்து விருந்தாளி வர்றாங்கன்னதும் சுண்ணாம்பு அடிச்சி, டிரம்முல தண்ணி ரொப்பி, பினாயில் ஊத்தி, பூட்டிட்டாங்க. விருந்தாளி வந்து போற வரைக்கும் புள்ளைங்க யாரும் உள்ள போவக்கூடாதாம்.

வேலிகாத்தான் பக்கம் போவலாமேன்றீங்களா? அன்னிக்கி இவ அந்த நாட்டு துலிப் பூவு வேசமாச்சே சார். கழுத்துலேர்ந்து முட்டி வரைக்கும் செவப்புத் துணிய இறுக்கி சுத்தி, முதுகுல வரிசையா ஊக்கு குத்தி வுட்டுட்டீங்க. காலைல சுத்துனது. விருந்தாளியா வந்த வெள்ளக்காரம்மா போட்ல பறவ பாத்துட்டு வர மத்தியானம் ஆயிடுச்சி. அவுத்து வுடுங்க, போய்ட்டு வந்துடறேன்னு இவ டீச்சர்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்டுக்கீறா. பூவு கசங்கிடும், அடக்கிக்கோன்னாங்களாம்.

அப்புறம் மைக்க இவ கைல குடுத்தீங்க. நீங்க எழுதிக் குடுத்தத தான் சொன்னா, கக்கூஸ்ன்ற வார்த்தைய எங்களுக்குக் குடுத்தது ஒல்லாந்து நாடுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க கூட கை தட்னீங்களாம். வார்த்தைய கேட்டு சிரிக்கிறாங்கன்னு நெனச்சிட்டீங்க. நீங்க அவ மூஞ்சிய பாத்துக்கினு இருந்தீங்க சார். முன்னாடி உக்காந்திருந்த புள்ளைங்க அவ கால பாத்துச்சிங்க.

பதிமூணு வயசுப் பொண்ணு. பசங்க இப்ப அவள ஒல்லாந்துன்னு தான் கூப்புடுறானுங்க.

அட, எதுக்கு எழுந்துக்கிறீங்க? உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். உக்காருங்க, டீ போட்டுத் தர்றேன். உள்ள தான் கீறா, கூப்புடாதீங்க. இல்ல, அவளுக்கு டீ வேணாம். இப்பல்லாம் வூட்லயே தண்ணி குடிக்க மாட்டேன்றா. நாக்கு நனையற அளவுக்கு ஒரு வாய், அவ்ளோ தான்.