ஏழாவது கேள்வி

இல்லம்மா, இது சரிப்பட்டு வராது. உன் சர்வே பேப்பர்ல இருக்கற எந்தக் கட்டத்துலயும் என்னை அடைக்க முடியாது. சரி, உக்காரு. அந்த ஸ்டூல் வேணாம், ஆயிலு, துணி பாழாயிடும். இந்தா, இதுல உக்காரு. லேத் மிஷினை நிறுத்திட்டேன், சத்தமில்ல. கேளு.

மறுபடியும் அந்த ஏழாவது கேள்விதானா? புது டேட்டா பேக்கை எடுக்கத் தூண்டுனது எது. மலிவுன்னா எடுத்தேன்? போம்மா நீ வேற. கூட்டாளிங்க சொல்லியா? இந்த வயசுல உனக்கெதுக்குடா படம் தெரியற போனுன்னு நக்கலடிச்சானுங்க, அதைத்தான் சொன்னானுங்க. பொழுதுபோக்கா? நாள் பூரா லேத்துல நின்னு பாரு, பொழுது எப்பப் போச்சுன்னே தெரியாது. உங்க போன் கம்பெனியிலேருந்தே மூணு தடவை கூப்பிட்டாங்க. மூணு தடவையும் பட்டன் போன் போதும்னுட்டேன். அப்புறம் ரெண்டு மாசம் முன்னாடி நானே கடையில போய் நின்னேன்.

ஏன்னா, பொண்ணு வெளியூருக்கு வேலைக்குப் போயிட்டா. கம்ப்யூட்டர்ல மிஷின் பார்ட்ஸ் வரையற வேலை. எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான்.

பொண்ணுகிட்ட பேசப் பழைய போன் பத்தாதாங்கறே. கடைக்காரனும் அதேதான் கேட்டான். பத்தாதும்மா.

மெசேஜா? அது வரும். சாப்ட்டேன், நல்லாருக்கேன். தினமும் அதே பாட்டு. மூஞ்சியைப் பாக்காம நல்லாருக்கேங்கறதை எப்படி நம்பறது?

சர்வீஸ் எப்படியா? வயித்தெரிச்சலைக் கெளப்பாதே. ரெண்டு நிமிஷம் ஓடும், மூணாவது நிமிஷம் சிலையா நிக்கும். நேத்து சாயங்காலம் கூப்பிட்டா. கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. என்னடா ஆச்சுன்னேன். ஏதோ சொல்ல ஆரம்பிச்சா. நின்னு போச்சு. அந்த வட்டம் சுத்துது சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. போனைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடறேன், மாடிக்கு ஓடறேன், பைத்தியக்காரன் மாதிரி. கட்டாயிடுச்சு. நான் திரும்பக் கூப்பிட்டா எடுக்கல. மெசேஜ்தான் வந்துச்சு. ஒண்ணுமில்லப்பா, விடு.

ஒண்ணுமில்லாததுக்கா கண்ணு வீங்கும்?

படம் நின்னாலும் குரல் கேட்டிருக்குமேங்கறியா? காலையில உங்க ஆபீசுக்குப் போன் பண்ணினேன், அங்கயும் இதே யோசனைதான். படத்தை ஆஃப் பண்ணிட்டு வெறும் குரல்ல பேசுங்க சார், தெளிவா இருக்கும்னான். போனை வச்சுட்டேன்.

அவளுக்குப் பொறந்ததுலேருந்து காது கேக்காதும்மா. பேச்செல்லாம் கைதான். இந்தப் பட்டறைச் சத்தத்துல நாங்களும் கையாலதான் பேசிக்கறது, அதனால வீட்ல அது ஒரு குறையாவே தெரிஞ்சதில்ல. நேத்து வலது கையை நெஞ்சுகிட்ட, இப்படித் தூக்குனா. கை அங்கேயே நின்னுடுச்சு. அங்கேருந்து எந்தப் பக்கம் போயிருக்கும்னு நேத்துலேருந்து நானும் பண்ணிப் பண்ணிப் பாக்கறேன். ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது.

என்னம்மா, பேனாவைக் கீழ வச்சுட்டே? எழுதிக்கோ. லேத்தை உனக்காக நிறுத்தினேன்னு நெனச்சியா? நாலு மணிக்கு அவ ஊருக்கு பஸ். எட்டாவது கேள்வி என்னன்னு சீக்கிரம் கேளு, நான் கையைக் கழுவணும்.