நீளம் எழுபத்தெட்டு

— ...இல்ல மாப்ள, படத்துக்குக் கீழ நான் நாலு வரி அடிச்சேன். நம்ம கடையோட இணையப் பக்கத்துல ‘நம்ம கட்டில். நீளம் 78’னு நின்னுபோச்சு. நாலு நாளாச்சு. மிச்சத்த உன் கம்ப்யூட்டர் தின்னுடுச்சா?

— அது என்ன கரையானா மாமா, தின்னறதுக்கு? 78-க்குப் பக்கத்துல என்ன போட்டீங்க?

— மேல சின்னதா ரெண்டு கோடு. அங்குலம்னா ரெண்டு கோடு. எந்தத் தச்சனக் கேட்டாலும் சொல்வான்.

— அங்கதான் வம்பு. நீங்க அடிக்கறத என் புரோகிராம் ரெண்டு கோட்டுல தொடங்கி, ரெண்டு கோட்டுல முடிச்சுதான் பக்கத்துக்கு அனுப்புது. நடுவுல உங்க கோட்டப் பாத்ததும், ‘சரி, மனுஷன் பேசி முடிச்சுட்டார்’னு அது கதவச் சாத்திடுது.

— மூணு வருஷமா சாத்தல, இப்ப மட்டும் என்னவாம்?

— மூணு வருஷமா அடிச்சது அக்கா. அவ ‘அங்குலம்’னு எழுத்துலயே அடிப்பா. ‘டைப் அடிக்கறதெல்லாம் ஒரு வேலையா’ன்னு கடைக்கு வந்தவங்க முன்னாடி கேட்டது யாரு?

— ...அத விடு.

— நான் எப்பவோ விட்டாச்சு. அவதான் ஒன்பது நாளா கோவிச்சுக்கிட்டு என் வீட்டு சோபாவ விடமாட்டேங்கறா.

— போன எடுக்கமாட்டேங்கறா மாப்ள. கடைப் பக்கத்தயாவது பாக்கறாளா?

— பாத்தா. உங்க படுக்கையறைக் கட்டில அதுல பாத்துட்டு அவ சொன்னத நான் திருப்பிச் சொல்ல முடியாது. நீங்க வயசுல பெரியவர்.

— விக்கறேன்னு நினைச்சுட்டாளா?

— கடைப் பக்கத்துல கட்டில் படம், கீழ நீளம். வேற என்ன நினைப்பா, கண்காட்சி வச்சிருக்கீங்கன்னா?

— ஐயோ... சரிபண்ணுடா, உனக்குப் புண்ணியமாப் போகும்.

— இருங்க... வெளிய இருக்கற ரெண்டு கோட்ட ஒத்தக் கோடா மாத்தறேன்... இப்பப் பாருங்க.

— ‘நம்ம கட்டில். நீளம் 78", அகலம் 5’... மறுபடி நின்னுடுச்சு.

— அஞ்சுக்கு அப்புறம் என்ன?

— ஒத்தக் கோடு. அடின்னா ஒத்தக் கோடுதான...

— ஒரே வரில அங்குலமும் அடியுமா? கட்டிலா மாமா அது, கண்ணிவெடியா?

— நான் என்ன பண்ண, கை தானா போடுது.

— சரி, குறுக்குவழி வேண்டாம். எந்தக் கோடு வந்தாலும், அதுக்குப் பதிலா ஒரு குறியீட்ட அனுப்பச் சொல்லிடறேன். பாக்கறவங்களுக்குக் கோடாவே தெரியும். பக்கம் ஏமாந்து சாத்தாது.

— இத முதல்லயே செஞ்சிருக்கலாம்ல?

— செஞ்சிருக்கணும். அக்கா இருந்த தைரியத்துல சும்மா இருந்துட்டேன்... ம், வந்துடுச்சு. முழுசும் வந்துடுச்சு. படிக்கறேன்.

— மனசுக்குள்ள படி.

— சத்தமாப் படிச்சாதான் சரியா வந்துச்சான்னு தெரியும்.

— அப்படியெல்லாமா இருக்கு... பக்கத்துல யாரும் இல்லல்ல?

— நானும் கம்ப்யூட்டரும்தான். ‘நம்ம கட்டில். நீளம் 78", அகலம் 5'. விக்கறதுக்கு இல்ல. ஒரு வரி அடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகுது, அதுவும் வேலைதான். அன்னிக்கு நான் பேசினது தப்பு. வந்துடு.’

— அவகிட்ட காட்டிடு. நான் சொன்னேன்னு சொல்லாத... தானா கண்ணுல பட்ட மாதிரி இருக்கட்டும்.

— அக்கா, இரு, போனப் புடுங்காத, நானே குடுக்கறேன்...

— முதல்லேர்ந்து ஸ்பீக்கர்லதான் பேசிட்டிருக்கீங்க. இந்தக் கட்டில் என்ன விலைன்னு நாலு நாளா பதினோரு பேர் எழுதிக் கேட்டாங்க. அத்தன பேருக்கும் ‘அது யாருக்கும் கிடையாது’ன்னு இங்க உக்காந்து டைப் அடிச்சது யாருன்னு நினைச்சீங்க?