எட்டு மணிப் பேருந்து

ஹாரூன்: முதல்ல தின்னு. அப்புறம் முழங்கு.

ஜாக்லின்: குறுக்க பேசாத லா! மறுபடியும் முதல்லேருந்து. "அவையோரே! ஆய்வுக்கூடம் எங்களை மாலை ஏழு மணிக்குத்தான் விடுவிக்கிறது. கடைசிப் பேருந்தோ ஆறரைக்கே புறப்பட்டுவிடுகிறது. இந்த அரைமணி நேரப் பள்ளத்தில்..."

ஹாரூன்: ரொட்டி ஆறுது.

ஜாக்லின்: "...இந்த அரைமணி நேரப் பள்ளத்தில்தான்..." டேய் ஹாரூன்!

ஹாரூன்: எங்க வாப்பா ரொட்டிக் கல்லு முன்னால நின்னு, "நம்ம வேட்பாளர் பொண்ணுக்கு"ன்னு ரெண்டு முட்டை போட்டுக் கட்டிக் கொடுத்தாரு. நீ திங்காம மேடையேறி மயங்கி விழுந்தேன்னு வெய்யி... ஸ்கூடாய் ஊரு பூரா எங்க கடை ரொட்டியத்தான் குத்தம் சொல்லும்.

ஜாக்லின்: மயங்கி விழுற ஆளா நான்? யோங் பெங் தோட்டத்துல, பதினோரு வயசுல, தண்ணிக் குழாய் கேட்டு லாரி மேல ஏறி நின்னு பேசுனவ நான்!

ஹாரூன்: தெரியும். பேச்சு நடுவுல லாரி கெளம்பிப் போனதும் தெரியும்.

ஜாக்லின்: அத யாரு சொன்னா?

ஹாரூன்: நீயேதான். முதல் வருசத்துல. பேச்ச நிறுத்தாமலே ஆபீசு வரைக்கும் போனியாம்.

ஜாக்லின்: போனேன். மேனேஜரு வெளிய வந்து பாத்தாரா இல்லையா? குழாய் வந்துச்சா இல்லையா?

ஹாரூன்: வந்துச்சு, வந்துச்சு. இந்தா, தே ஆயிஸ், டீயில ஐஸ் தூக்கலா போட்டிருக்கு. குடிச்சுக்கிட்டே கேளு. உன் தேர்தல் ஏஜெண்டுங்குற முறையில விதிப் புத்தகத்த ஒரு தடவ படிச்சுக் காட்டிடுறேன்.

ஜாக்லின்: எனக்கு மனப்பாடம்.

ஹாரூன்: எனக்கு மனப்பாடம் இல்லையே. "தமிழ் மாணவர் பேரவை, தலைவர் தேர்தல். விதி ஒன்பது. ஒரே ஒரு வேட்பாளர் இருப்பின், அவர் போட்டியின்றி வென்றவர் ஆவார். சொற்பொழிவு மாலை நடைபெறாது." இது நமக்கு வேணாம். போட்டிக்குத்தான் திருச்செல்வம் இருக்கானே.

ஜாக்லின்: ம்.

ஹாரூன்: "விதி பதினொன்று. ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம்." உனக்குத்தான் சொல்றேன், அஞ்சு. அம்பது இல்ல. "விதி பதினான்கு. ஒரே கோரிக்கையை எல்லா வேட்பாளரும் மேடையில் முன்வைத்தால், அது பேரவையின் கோரிக்கை ஆகும். மாணவர் நல அதிகாரி அதே மேடையில், தேதியோடு பதில் கூற வேண்டும்." இதெல்லாம் என்னத்துக்கு எழுதி வெச்சாங்களோ? எதிரி சொன்னத எந்த வேட்பாளர் சொல்லியிருக்கான்? நீ கிழக்குன்னா அவன் மேற்கு.

ஜாக்லின்: சரி சரி, அடுத்த பக்கத்தத் திருப்பு.

ஹாரூன்: ஏன், வேர்க்குதா?

ஜாக்லின்: ஃபேன் ஓடல. மண்டபத்துக்குள்ள எவ்வளவு பேரு?

ஹாரூன்: இரு, கதவ லேசா... அலமாக்! நானூறு இருக்கும். முதல் வரிசையில மாணவர் நல அதிகாரி, புவான் ராஜம்மா. நோட்டுப் புத்தகம், மூக்குக் கண்ணாடி, முகத்துல சிரிப்பே இல்ல.

ஜாக்லின்: லோஷினி?

ஹாரூன்: வந்துருக்கா. ஓரத்து நாக்காலி. ஊன்றுகோல சுவத்துல சாச்சு வெச்சிருக்கா. காலுல இன்னும் கட்டு இருக்கு.

ஜாக்லின்: அன்னைக்கு பஸ் இல்லாம அவகூட ஹைவே ஓரமா நடந்து வந்தது நான்தான், தெரியுமில்ல? நான் உள்பக்கம். அவ ரோட்டுப் பக்கம். பேசிக்கிட்டே வந்தேன். என் பேச்சத்தான் கேட்டுக்கிட்டு வந்தா. மோட்டர் சைக்கிள்காரன் உரசிட்டு... நிக்கக்கூட இல்ல.

ஹாரூன்: உன் தப்பு இல்ல மா.

ஜாக்லின்: தப்ப நான் கணக்குப் பாக்கல. பஸ்ஸு வேணும். மூணு தலைவருங்க ஜெயிச்சு வந்தாங்க, மூணு பேரும் கடுதாசி போட்டாங்க. அந்தம்மா என்ன எழுதுனாங்க?

ஹாரூன்: "பரிசீலனையில் உள்ளது."

ஜாக்லின்: மூணு தடவயும் அதே வரி. நாலாவது தலைவரா நான் போய்க் கேட்டாலும் அதே வரிதான். நாக்காலி கெடைக்கும், பஸ் கெடைக்காது.

ஹாரூன்: அதான் கேக்குறேன், அந்த அருமையான வரிய ஏன் அடிச்ச? போன வாரம் எங்க கடை பில்லு பின்னால எழுதுனியே. "பரிசீலனை என்பது பதிலா, படுக்கையா?" எங்க வாப்பாவே சிரிச்சாரு. அவரு சிரிச்சு நாலு வருசமாச்சு!

ஜாக்லின்: எனக்குப் பொருந்தல. வேற யாருக்காவது பொருந்தும்.

ஹாரூன்: வேற யாருக்கு? திருச்செல்வத்துக்கா? அவன் மூணு வார்த்த சேர்ந்தாப்புல பேசி நான் பாத்தது, "அண்ணே ஒரு ரொட்டி"தான்.

ஜாக்லின்: பந்து உதைக்கிறவன்தானே. மேடையில என்ன கிழிக்கப் போறான்!

ஹாரூன்: அப்படிச் சொல்லாத. தெப்ராவ்லேருந்து வர்ற பையன், நல்ல மாதிரி. மனுவே கடைசி நாளு, அஞ்சு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கறப்பதான் போட்டான், பாவம்...

ஜாக்லின்: பத்து நிமிசமா? அது உனக்கு எப்படித் தெரியும்?

ஹாரூன்: அது... கடையில பேசிக்கிட்டாங்க.

ஜாக்லின்: யாரு?

ஹாரூன்: கடைன்னா நாலு பேரு பேசுவாங்க லா! முட்டைய தின்னு!... ஷ்ஷ்! நிகழ்ச்சி நடத்துற தேன்மொழி மைக்க எடுத்துட்டா. அவன்தான் முதல்ல. சீட்டுக் குலுக்கல்ல அவன் பேருதான் விழுந்துச்சு.

ஜாக்லின்: கதவ இன்னும் கொஞ்சம் தெற.

திருச்செல்வம் (மேடையில்): "அவையோருக்கு... வணக்கம். நான் பந்தை உதைக்கத் தெரிந்தவன். இன்று ஒரு பூட்டிய கதவை உதைக்க வந்திருக்கிறேன்!"

ஹாரூன்: யாரு இது?

ஜாக்லின்: ஷ்ஷ்.

திருச்செல்வம் (மேடையில்): "ஏழு மணிக்கு ஆய்வு முடிகிறது. ஏழு மணிக்குமேல் நம் தங்கைகளின் கால்கள்தாம் பேருந்து! நெடுஞ்சாலையின்... நெடுஞ்சாலையின்..."

ஹாரூன்: முடிஞ்சுது. மறந்துட்டான். நீ என்ன வாய்க்குள்ள முணுமுணுக்குற?

ஜாக்லின்: ஜெபம் பண்றேன்.

ஹாரூன்: யாருக்கு?

ஜாக்லின்: பகைவருக்காகவும் ஜெபிக்கச் சொல்லிருக்காரு எங்க ஆண்டவரு. பேசாம இரு... "வெள்ளைக் கோட்டோரம்"... வாயத் தொறடா...

திருச்செல்வம் (மேடையில்): "...நெடுஞ்சாலையின் வெள்ளைக் கோட்டோரம் மூன்று கிலோமீட்டர் நடந்துதான் அவர்கள் பட்டம் வாங்க வேண்டுமா?"

ஹாரூன்: கைதட்டுறானுங்க! ஜாக்கி, உன் ஜெபம் ரொம்ப வேலை செய்யுது, கொஞ்சம் கொறச்சுக்க!

திருச்செல்வம் (மேடையில்): "மூன்று தலைவர்கள் கேட்டார்கள். மூன்று முறையும் வந்த விடை, பரிசீலனையில் உள்ளது! அம்மா, பணிவோடு கேட்கிறேன். பரிசீலனை என்பது பதிலா, படுக்கையா? இன்னும் எத்தனை ஆண்டு எங்கள் மடல்கள் அதில் படுத்துறங்கும்? இரவு எட்டு மணிக்கு ஒரு பேருந்து விடுங்கள்!"

ஹாரூன்: படுக்கை! உன் படுக்கை! உன் படுக்கையத் தூக்கிட்டான் ஜாக்கி!

ஜாக்லின்: கத்தாத லா, மண்டபம் பூரா கேக்கும். அர்த்தம் வேற மாதிரிப் போகுது.

ஹாரூன்: திருட்டு! பட்டப்பகல் திருட்டு! எங்க கடைக் குப்பைக்கூடையிலேருந்து பொறுக்கிருக்கான்! இந்தத் தமிழு தெப்ராவ்ல கெடைக்குமா? இது யோங் பெங் சரக்கு! நான் போய் இப்பவே புகார்...

ஜாக்லின்: உக்காரு.

ஹாரூன்: பஸ்ஸையும் எடுத்துட்டான்! உன்கிட்ட இருந்தது ஒரே ஒரு பஸ்ஸு!

ஜாக்லின்: உக்காருன்னு சொன்னேன்.

ஹாரூன்: முடியாது. இது எல்லாத்துக்கும் காரணம்... ஜாக்கி. ஒண்ணு சொல்லணும். அடிக்கக் கூடாது.

ஜாக்லின்: சொல்லு.

ஹாரூன்: கிளாச கீழ வெய்யி.

ஜாக்லின்: வெச்சாச்சு.

ஹாரூன்: அவன் ஃபாரத்துல... வழிமொழிஞ்சவருன்னு ஒரு கையெழுத்து இருக்கும் பாரு... அது என்னோடது.

ஜாக்லின்: ...நீயா?

ஹாரூன்: நான்தான். ரிசல்ட்டு வந்தப்புறம்தானே பேரெல்லாம் ஒட்டுவாங்க, அதுக்குள்ள எப்படியாவது சொல்லிடலாம்னு...

ஜாக்லின்: என் பாசறைக்குள்ளேயே பகைவனா! தேநீர்க் குவளை ஏந்தி வந்த துரோகமே! முட்டை ரொட்டியின் மடிப்புக்குள் ஒளிந்திருந்த வஞ்சகமே!

ஹாரூன்: திட்டு. ஆனா மெதுவா திட்டு. ஐஸும் உருகுது.

ஜாக்லின்: ஏன்டா செஞ்ச?

ஹாரூன்: கடைசி நாளு, நாலே முக்கால். அது வரைக்கும் நீ ஒருத்திதான் மனு போட்டிருந்த. விதி ஒன்பது. போட்டி இல்லேன்னா மேடை இல்ல. மூணு வாரமா நீ எங்க கடை பில்லு பின்னாலயே எழுதி எழுதி, அடிச்சு அடிச்சு... அந்தப் பேச்சு யாரு காதுலயும் விழாம போயிடும். அந்த நேரம் பாத்து இவன் வந்து நிக்கிறான். "அண்ணே, வழிமொழிய ஆள் கெடைக்கல"ன்னு. எனக்கு நீ லாரி மேல நிக்கிற மாதிரியே கண்ணுக்குத் தெரிஞ்சுது. போட்டுட்டேன்.

ஜாக்லின்: எனக்கு மேடை வேணும்னு, எனக்கே ஒரு எதிரியத் தேடிக் கொடுத்த.

ஹாரூன்: சும்மா ஒப்புக்கு நிப்பான்னு நெனச்சேன்! இப்படி முழங்குவான்னு யாரு கண்டா? நீ தோத்துட்டா என்னாலதான். வாப்பா என்னையே கல்லுல போட்டுத் திருப்பி எடுப்பாரு.

ஜாக்லின்: எனக்காக உங்க வாப்பாகிட்ட அடி வாங்குவியா?

ஹாரூன்: சிரிக்காத லா! நான் தப்ப ஒத்துக்கிட்டு நிக்கிறேன், நீ சிரிக்கிற!

திருச்செல்வம் (மேடையிலிருந்து வந்து): அக்கா! அக்கா, "படுக்கை" நல்லா எடுபட்டுச்சுல்ல? நீங்க சொன்ன எடத்துல மூச்சு வாங்கிட்டுத்தான்... ஓ. ஹாரூன் அண்ணே. நீங்க... இங்கதான் இருக்கீங்களா?

ஹாரூன்: "நீங்க சொன்ன எடத்துல"?

திருச்செல்வம்: இல்லண்ணே... அது வந்து... அக்கா பொதுவா...

ஹாரூன்: பொதுவா உனக்கு மூச்சு வாங்கச் சொல்லிக் கொடுத்தாங்களா?

ஜாக்லின்: விடு தம்பி. மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுடும், உனக்குப் பொய் வராது. "வெள்ளைக் கோட்டோரம்" எப்படி மறந்துச்சு?

திருச்செல்வம்: லோஷினியோட ஊன்றுகோல பாத்துட்டேன்க்கா. அதோட வரி பறந்துடுச்சு.

ஹாரூன்: ஒரு நிமிசம். அவன் பேசுனது பூரா...

ஜாக்லின்: நான் எழுதுனது.

ஹாரூன்: உன் எதிரிக்கு?

ஜாக்லின்: விதி பதினாலு என்னா? நீதானே படிச்ச, வாய் வலிக்க.

ஹாரூன்: "ஒரே கோரிக்கையை எல்லா வேட்பாளரும்..." அலமாக்!

ஜாக்லின்: ஒரு வாய் கேட்டா அது தேர்தல் வாக்குறுதி. ரெண்டு வாயும் கேட்டா அந்தம்மா எந்திரிச்சு நின்னு தேதி சொல்லணும். நானூறு பேரு முன்னால.

திருச்செல்வம்: புவான் இப்பவே விதிப் புத்தகத்தப் பொரட்டுறாங்கக்கா. பாத்துட்டுத்தான் எறங்கி வந்தேன்.

ஹாரூன்: அப்ப நீ சும்மா பொம்மைக்கு நிக்கிறியா?

திருச்செல்வம்: ஐயோ, இல்லண்ணே! ஜெயிக்கத்தான் நிக்கிறேன். விட்டுக் கொடுத்தா காத திருகிடுவேன்னு அக்கா முதல் நாளே சொல்லிட்டாங்க.

ஹாரூன்: நல்ல வரியெல்லாம் அவனுக்குக் கொடுத்துட்டு... கைதட்டு பூரா அவனுக்குப் போச்சே! நீ தோத்துட்டா?

ஜாக்லின்: கேக்குதா, தேன்மொழி என் பேர கூப்புடுறா. அந்த ரொட்டி மிச்சத்த மடிச்சு வெய்யி.

ஹாரூன்: நில்லு! ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. இவன் என்கிட்ட கையெழுத்துக்கு ஃபாரம் நீட்டுனப்ப, மேல்பாதிய மடிச்சு வெச்சிருந்தான். முன்மொழிஞ்சவரு பேரு தெரியாத மாதிரி. கடையில எண்ணெய் படும்ணேன்னு சொன்னான். நானும் நம்பிட்டேன். அந்த மடிப்புக்குள்ள யாரு பேரு?

ஜாக்லின்: என் பேரு. மடிச்சதும் நான்தான். "நேரா ஹாரூன் அண்ணன் கடைக்குப் போ, அந்த மனுசன் எனக்கு மேடை கெடைக்கும்னா எதுல வேணும்னாலும் கையெழுத்துப் போடுவான்"னு அனுப்பி வெச்சதும் நான்தான். தள்ளு, வழிய விடு... நான் தோத்துட்டா, எட்டு மணி பஸ்ஸுல சன்னலோரமா எனக்கொரு சீட்டு புடிச்சு வெய்யி. உக்காந்து அழுதுக்கிட்டே போறேன்.